அந்தரத்தில் ஒரு சேவ்

"எத்தனை தடவை போட்டாலும் விழுறான், குரு," என்றார் செபாஸ்டின்.

குரு என்றதும் தாடியை நினைக்க வேண்டாம். ரெஹானா, செபாஸ்டினைவிடச் சின்னவள். ஊரில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"யாருண்ணே விழுறது?"

"கேம்ல வர்றவன்."

லேப்டாப்பைத் திறந்தார். பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டரில், டிவி கேம் ஒன்று. சேவ் செய்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் லோடு பொத்தானைத் தட்டினார். குட்டி வீரன் ஒருவன் அந்தரத்தில் இருந்தான். கீழே பள்ளம். விழ ஆரம்பித்தான். அடியைத் தொடுமுன் செபாஸ்டின் மறுபடி லோடு தட்டினார்.

மறுபடி அந்தரம்.

"கால் உடைஞ்சு கிடந்தப்போ ஸ்டெல்லா ஆடினது. கடைசி லெவல் வரைக்கும் வந்துட்டா. அவ தூங்குறப்ப நான் சும்மா ஆடிப் பார்த்தேன். விழுறான்னதும் பதறி, லோடுக்குப் பதிலா சேவ் பொத்தானை அழுத்தித் தொலைச்சிட்டேன்."

"பொண்டாட்டி கேம்ல ஏண்ணே கை வெச்சீங்க? வேற சேவ்?"

"ஒண்ணுதான். அது மேலயே இது ஏறிடுச்சு."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"எமுலேட்டரை அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். பழைய வெர்ஷன் போட்டேன். பெர்மிஷனை எல்லாம் திறந்துவிட்டேன். கடைசில லினக்ஸையே மாத்திட்டேன்."

எமுலேட்டர் வரிவரியாக எழுதிவைத்திருந்த லாகை ரெஹானா படித்தாள்.

"ஒரு பிழைகூட இல்லண்ணே. நீங்க சேவ் பண்ணதைத்தான் திறக்குது."

அவர் மறுபடி லோடு பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"அண்ணிகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"சிஸ்டம் ரிப்பேர்னு."

"நம்பிட்டாங்களா?"

"தினம் கேக்குறா. பாவமா இருக்கு."

ரெஹானா லோடு தட்டினாள். வீரன் விழுந்தான். செபாஸ்டினின் விரல் ஓடி வந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"விழட்டும்."

"செத்துருவான்!"

"ம்."

செத்தான். அதுதான் கடைசி உயிர். திரை கறுத்தது. பிறகு ஆட்டத்தின் முதல் பக்கம் வந்து நின்றது.

இத்தனை நாளில் அவர் அவனை ஒருமுறைகூட அடிவரை விழ விட்டதில்லை.

"இனி ஒண்ணும் பண்ண முடியாதா, குரு?"

"கேமையா?"

செபாஸ்டின் லேப்டாப்பை மூடினார். வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் ஸ்டெல்லா, சிஸ்டம் சரியாயிடுச்சா என்று கேட்டாள்.

"ரிப்பேர் எல்லாம் இல்ல, ஸ்டெல்லா," என்றார். "நான்தான்."