தப்பான விடை

கனாயே சென்செய்யிடம் ஜப்பானிய மொழிப் பாடம் கேட்கப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது 'தப்பு' என்ற சொல்லைத்தான். வேறு எதையும் அவர் அவ்வளவு தாராளமாகச் சொல்வதில்லை. சென்செய் என்றால் ஜப்பானில் ஆசிரியர். இந்த ஆசிரியருக்கு அவரிடம் படிக்கும் கோமதியைவிட வயது குறைவு. இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. அது தூங்கிவிட்டால் குரலை மட்டும் தாழ்த்திக்கொள்வார், கறார் தாழாது.

"தப்பு. திரும்பச் சொல்லுங்கள்."

கோமதி சங்கரன்கோவில்காரி. மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கனாசவா நகரத்துக்கு வந்தவள். மழை வந்தால் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிற ஜனங்களின் நடுவிலிருந்து, மழை நிற்பதைத்தான் வாசலுக்கு வந்து பார்க்க வேண்டிய ஊருக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் வாய் திறப்பதில்லை. மண்ணும் வாய் திறப்பதில்லை என்பதால் வேலை ஓடியது. கூட இருப்பவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். பிறகு கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

அவள் பேசியதெல்லாம் சனிக்கிழமைகளில், ஆற்றங்கரையில் இருந்த சென்செய்யின் வீட்டில்தான்.

ஒருநாள் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"சென்செய், வந்த ஊர் எப்போது நம் ஊராகும்?"

"வேற்றுமை உருபு தப்பு. திரும்பச் சொல்லுங்கள்."

திருத்திச் சொன்னாள்.

"இப்போது சரி" என்று சென்செய் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கேள்வி சரியாகிவிட்டது. பதில்தான் வரவில்லை.

முதல் பாடம் முடிந்த அன்று இன்னொன்றும் நடந்திருந்தது. கிளம்பும்போது வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லக் கோமதிக்கு நாக்கு எழாது. சொல்லிக்கொள்ளாமல் போவது சாவு வீட்டில்தான். அவசர அவசரமாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். அந்த மொழியிலும் அச்சு அசலாக ஒரு 'போய்விட்டு வருகிறேன்' இருந்தது. முகம் தெரியாத கூட்டத்தில் அத்தை மகளைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இத்தெகிமாஸ்."

சென்செய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"இத்தெராஷ்ஷாய்" என்றார். போய்விட்டு வாருங்கள்.

அன்று முதல் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கோமதி 'தப்பு' வாங்கியதே இல்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஜெபமலர் அவளைக் கூட்டிப்போக வந்தாள். தூத்துக்குடிக்காரி, அதே பல்கலைக்கழகத்தில் மூத்தவள், அந்த ஊரின் மொழியில் மீன்காரரிடமே வம்பளக்கிறவள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், தெருமுனை திரும்பும்வரைதான் பொறுத்தாள்.

"ஏட்டி, அந்த டீச்சர்கிட்ட என்னத்தச் சொல்லிட்டு வார?"

"போயிட்டு வாரேன்னு சொன்னேன்க்கா."

"அட கூறுகெட்டவளே! அது சொந்த வீட்டுல இருந்து கிளம்புதவ சொல்லுதது. அடுத்த வீட்டு வாசல்ல நின்னு சொன்னா, இது என் வீடு, உலை வச்சிரு, சோத்துக்கு வந்துருதேன்னு அர்த்தம்!"

"தப்பாக்கா?"

"தப்புன்னா, ஊரே சிரிக்கும். விருந்தாளி 'ஒஜமா ஷிமாஷ்தா'ன்னு சொல்லணும். தொந்தரவு குடுத்துட்டேன்னு. எத்தன நாளாட்டி இந்தக் கூத்து?"

சிரித்து முடித்துக் குடையை விரித்தபோதுதான் ஜெபமலர் கோமதியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி... அழுதியா?"

"மழைக்கா."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. சொல்லுக்குச் சொல் பிழை பிடிக்கிறவர் இதை மட்டும் ஏன் விட்டார்? இது தேறாத கேஸ் என்று கை கழுவியிருப்பார். நான் அந்தப் பக்கம் போனதும் புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். கூசாமல் பேசின ஒரே இடம் அது. அதுவும் இப்படியா?

அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"வந்துரட்டுமாப்பா?"

"உனக்கு முடியலைன்னா வந்துரு தாயி. படிப்பு என்ன, இங்க படிச்சா ஏறாதா?"

திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொல்லிவிடுவது, படிப்பை நிறுத்திக்கொண்டு ஊர் போய்ச் சேருவது என்று முடிவு செய்தாள். நடுவில் ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

அன்றும் மழை. பாடம் வழக்கம்போல நடந்தது. கடைசியில் கோமதி புத்தகத்தை மூடி, இரவல் வாங்கியிருந்த அகராதியை அதன்மேல் வைத்து, சென்செய் பக்கம் தள்ளினாள்.

"சென்செய், அடுத்த வாரத்திலிருந்து நான் வர மாட்டேன். படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன்."

சென்செய் கவனமாகக் கேட்டார்.

"வாக்கியம் சரி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. குழந்தை விழித்துத்தான் இருந்தது.

வாசல்வரை கூட வந்தார்.

கோமதி ஷூவை மாட்டினாள். இதையாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போவோம் என்று வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். கால்களைச் சேர்த்து நின்றாள். கைகளை ஒடுக்கிக்கொண்டாள். இடுப்பு மடிய வணங்கினாள்.

"ஒஜமா ஷிமாஷ்தா."

ஓர் எழுத்து பிசகவில்லை. குனிந்த தலை மட்டும் நிமிரவில்லை.

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே, பாடம் நடத்துகிற அதே குரல்.

"தப்பு."

கோமதி நிமிர்ந்தாள்.

"இல்லை சென்செய். நான் விசாரித்துவிட்டேன். இதுதான் சரி. இத்தனை நாளும் சொன்னதுதான் தப்பு. புத்தகத்திலேயே போட்டிருக்கிறது."

"புத்தகத்தில் போட்டிருப்பது விருந்தாளிக்கு" என்றார் சென்செய். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்களுக்குத் தப்பு. திரும்பச் சொல்லுங்கள்."