கருணைக்கிழங்கும் செப்புத் தலையும்

முன்னொரு காலத்தில், ஏழுமதகு நாட்டில் மழைக்கும் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. புதுசு என்ற ஒன்றுக்குத்தான் பஞ்சம். காரணம், உச்சிமாயன் என்ற மந்திரவாதி அரண்மனையில் கொண்டுவந்து வைத்த பேசும் செப்புத் தலை. உலகத்துப் பொருள் அத்தனையும் அதற்கு மனப்பாடம். யாராவது புதிதாக ஒன்றைச் செய்து வந்தால், தலை அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்து மூன்று முறை ‘பழசு’ என்று கத்தும். மூன்றாவது கத்தலில் செய்தவர் கல்லாகிவிடுவார்.

“என் வாயால ‘புதுசு’ன்னு ஒரே ஒரு தடவை சொல்ல வைங்க. கல்லெல்லாம் உயிரோட எழும்” என்று ராஜாவிடம் சத்தியம் செய்திருந்தான் மாயன்.

அரண்மனைச் சமையல்காரர் சடையன் கருணைக்கிழங்கில் ஒரு புதுக் குழம்பு வைத்தார். கரண்டியும் கையுமாகக் கல்லானார். அவர் மகள் மருதி அடுப்படியை ஏற்றுக்கொண்டாள். தினமும் அப்பாவின் கல் மூக்கைத் துடைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்கப்பா” என்பாள்.

ஒருநாள் மூன்று பண்டிதர்கள் வந்தார்கள். கருணைக்கிழங்கு நறுக்கியபடியே மருதி எட்டிப் பார்த்தாள்.

“புது எண்ணம் வானத்திலிருந்து இறங்கும், நாம் சும்மா கிடந்தால் போதும்” என்றார் முதலாமவர். மூன்று மாதம் சும்மா கிடந்து ஒரு விசிறியோடு வந்திருந்தார்.

“ஓலை பழசு! காம்பு பழசு! காத்தும் பழசு!” கல்.

“ஆயிரம் முறை தப்பாகச் செய்தால், அடுத்தது புதிது” என்றார் இரண்டாமவர். கையில் ஒரு பூட்டு.

“இரும்பு பழசு! துளை பழசு! சாவி பழசு!” கல்.

மூன்றாமவர் ஊன்றுகோலில் குடையைப் பொருத்தியிருந்தார். “ஒட்டாத இரண்டை ஒட்டவைப்பதே புதுமை” என்று நாற்பது மேற்கோள் காட்ட ஆரம்பித்தார். முப்பத்தொன்பதாவதில் கல்லானார்.

மருதிக்குக் கை அரித்தது. கிழங்கு நறுக்கினால் அரிக்கத்தானே செய்யும்? வழக்கம்போலப் புளியை எடுத்துத் தேய்த்தாள். அரிப்பு அடங்கியது. தேய்த்த கை அப்படியே நின்றது.

சற்று நேரத்தில் ஒரு சட்டியோடும் ஓர் இலையோடும் சபைக்குள் நுழைந்தாள்.

“எங்கப்பா வச்ச அதே குழம்பு. அன்னைக்கும் புதுசு, இன்னைக்கும் புதுசு.”

“கல்லாகறதுக்கு அவ்வளவு அவசரமா, பெண்ணே?” மாயன் சிரித்தான்.

“கிழங்கு பழசு! புளி பழசு!” என்றது தலை.

“நிறுத்து!” என்றாள் மருதி.

அந்தச் சபையில் ராஜாகூட அப்படி அதட்டியதில்லை. தலை திறந்த வாயோடு நின்றது.

“பிரிச்சாலும் சேர்த்தாலும் ஒண்ணுதானே, மந்திரவாதியாரே? அப்ப முதல்ல பிரிச்சதைச் சாப்பிடுங்க.” இலையை நீட்டினாள். அதில் பச்சைக் கருணைக்கிழங்கு.

“நியாயம்தானே?” என்றார் ராஜா.

மாயன் ஒரு கடி கடித்தான், சிரித்தான். இரண்டாவது கடி, கண் கலங்கியது. மூன்றாவது கடி, நாக்கு தடித்தது.

“காறுது! காறுது! காறுது!”

“இப்ப குழம்பு. அதே கிழங்குதான்.”

வேறு வழியில்லை, சட்டியைப் பிடுங்கி மடமடவென்று குடித்தான். துண்டங்களை மென்றான். தொண்டை குளிர்ந்தது. கேட்காமலே இன்னொரு துண்டம் எடுத்தான்.

“காறல் எங்க போச்சு? இந்த ருசி எங்கேருந்து வந்துச்சு? கிழங்குல இருந்துச்சா, புளியில இருந்துச்சா? உங்க தலையைச் சொல்லச் சொல்லுங்க!” என்றாள் மருதி.

“கிழங்கு... புளி... கிழங்கு...” தலை திக்கியது.

“ரெண்டுலயும் இல்லாதது சட்டியில இருக்கு. அதுக்குப் பேர் என்ன? சொல்லுங்க. சொல்லாம நான் நகரமாட்டேன்.”

மாயன் தலையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், தன் கையிலிருந்த துண்டத்தைப் பார்த்தான்.

“பு... புதுசு.”

செப்புத் தலை இரண்டாகப் பிளந்தது. மாயன் வந்த வழியே ஓடினான். கற்கள் அசைந்தன, சடையன் கரண்டியைத் தாழ்த்தி, முதல் வார்த்தையாகக் கேட்டார்: “உப்புப் பார்த்தியா?”

அன்றே ராஜா, ‘இனி யாரும் எதையும் செய்து பார்க்கலாம்’ என்று பறையறைவித்தார்.

பண்டிதர்கள் மூவரும் மருதியைச் சூழ்ந்துகொண்டார்கள். “எண்ணம் வானத்திலிருந்துதானே இறங்கியது?” “பலமுறை முயன்றுதானே?” “இரண்டை ஒட்டித்தானே?”

“கை அரிச்சுது, ஐயா” என்றாள் மருதி.

அவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மருதி அடுத்த சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். அதில் என்ன கொதிக்கிறது என்று கதை சொல்கிறவருக்கும் தெரியாது.