எலிக்குத் தைத்த ரவிக்கை

கோவில்பட்டி ஜவுளிக்கடை ஒன்றில் ஏழு பட்டுச்சேலைகள் காணாமல் போயின. எலி தின்றுவிட்டதாக எழுதி வைத்தார் மேனேஜர் சங்கரலிங்கம். நூல்சேலையை மோந்துகூடப் பார்க்காத எலி, பட்டு மட்டும்தான் சாப்பிடுமாம்! பழி, பட்டுப் பிரிவில் நிற்கும் பூரணத்தின் தலையில்.

"என் கவனக்குறைவுதான்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ," என்று முதலாளி முன்னாலேயே சங்கரலிங்கம் உறுமினார்.

பூரணம் பேனாவை எடுத்தாள். "போடுறேன் சார். மொதலாளி, ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சேலைகளோட ரவிக்கைத் துணி ஏழும் மாடியில நம்ம தையல்காரர்கிட்ட இருக்கு. கடை ஆளுகளுக்குத் தையக்கூலி கிடையாதுல்ல, அதான் சாரே கொடுத்திருக்கார்."

முதலாளி மெல்ல சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"தைச்சு முடிஞ்சிருச்சு," என்றாள் பூரணம். "பொந்துல கொண்டுபோய்க் கொடுக்கணுமா, இல்ல சார் வீட்டம்மாவே வந்து வாங்கிக்குவாங்களா?"