வாத்துக் கொட்டிலும் வீடுதான்

மூன்று நாடுகள் ஒன்றான பிறகு, எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்பதில் சண்டை ஓயவில்லை. பண்டிதர்கள் ஒரு வருஷம் வாதாடி, ஒரே ஒரு சொல்லில் உடன்பட்டார்கள்: கூரையும் கதவும் உள்ளே ஓர் உயிரும் இருந்தால் அது வீடு.

ஏரிக்குள் வீடு கட்டக் கூடாதென்பது சட்டம். தலைமைப் பண்டிதர் மகுடேசர் மூடுபல்லக்கில் வற்றிய ஏரிக்குள் இறங்கி, குருந்தனின் வாத்துக் கொட்டிலைப் பிரிக்கச் சொன்னார்.

"சாமி, கொட்டில் போனா வாத்தெல்லாம் நரிக்குத்தான். எனக்கு வேற பிழைப்பு இல்லீங்க."

"கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, உள்ளே உயிரும் இருக்கிறது. வீடுதான்!" என்றார் பண்டிதர், பல்லக்குக் கதவு வழியே தலையை மட்டும் நீட்டி.

"சரிங்க சாமி. அப்ப முதல்ல நீங்க இருக்கிற வீட்டைப் பிரிச்சிடலாம்."

பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை இறக்கிவிட்டு, மிகுந்த ஆர்வத்துடன் கூரையில் கை வைத்தார்கள்.

பண்டிதர் வெளியே குதித்தார். "மூடர்களே! உள்ளே யாருமில்லை. இது வீடல்ல!"

குருந்தன் கொட்டிலைத் திறந்து, "பா, பா" என்றான். வாத்துகள் வெளியே வந்தன.

"அப்ப இதுவும் வீடு இல்லீங்களே சாமி?"

"இல்லை," என்றார் பண்டிதர். திரும்ப ஏறினால் பல்லக்கு வீடாகிவிடும் என்பதால், கரைவரை சேற்றில் நடந்தே போனார்.