காதுக்குக் கீழே நீலப் புள்ளி

"இந்த ஜனங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, மேடம்?"

செருப்பைக் கழற்றும்போதே அறவாழி ஆரம்பித்துவிட்டார்.

சாலிகிராமத்து மாடி அறையில், சுவர் நிறைய தொங்கும் முகமூடிகளுக்கு நடுவே உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்த ஹெப்சிபா நிமிரவில்லை.

அறவாழிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஹெப்சிபாவுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் ஹெப்சிபாதான் அவருக்குக் குரு. கல்லூரி வேலையை விட்டுவிட்டு டிவி தொடர் எழுத வந்தவருக்கு, வேற்றுக் கிரகத்துக் கதை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர். பிறகு என்ன நினைத்தாரோ, எழுதுவதை நிறுத்திவிட்டு முகமூடி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு, சார்?"

"என் தொடர்ல ஏலியனா நின்ன ஆளை அடிச்சுப் போட்டுட்டாங்க. மூணு விலா எலும்பு போச்சு. ஒரு கண்ணு திறக்கலை."

அறவாழியின் தொடரில் வேற்றுக் கிரகத்தவர்கள் மனித உருவில் வருவார்கள். அடையாளம் ஒன்றே ஒன்று, இடது காதுக்குக் கீழே நீலப் புள்ளி. வாரா வாரம் கதாநாயகன் எவனாவது ஒருவனைப் பிடித்துத் தலையைத் திருப்புவான். புள்ளி தெரியும். இசை அதிரும். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

அப்படி நிற்பதற்கு, பக்கத்தில் கட்டட வேலை செய்யும் வடக்கத்தி ஆட்களைத்தான் ஏஜென்ட் கூட்டிவருவார். வசனம் கிடையாது. நின்றால் போதும். தினமும் புள்ளி வைத்தால் ஒருநாள் மேலே போகிறது, ஒருநாள் கீழே வருகிறது, காட்சிக்குக் காட்சி ஒட்டவில்லை. அதனால் ஓட்டுப் போட்ட விரலில் வைக்கிற மாதிரி, பத்து நாளைக்கு அழியாத மையாகப் பார்த்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் அந்த மனிதர்கள் அதே புள்ளியோடுதான் தெருவில் நடந்து போனார்கள். படித்தவர்கள் அத்தனை பேர் இருந்த இடம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"மளிகைக் கடைக்குப் போயிருக்கான். நாலு பேரு, தலையைத் திருப்புடான்னு விளையாட்டாத்தான் ஆரம்பிச்சாங்களாம்."

"அது மைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், மேடம்! தெரிஞ்சேதான் அடிச்சிருக்கானுங்க!"

ஹெப்சிபாவின் கை களிமண்ணில் அப்படியே நின்றது.

"நான் எழுதினது அதிகாரத்தைப் பத்தி. எங்கேயோ இருந்து வந்து நம்மளை ஆட்டிப் படைக்கிற அதிகாரம். இந்த முட்டாப் பசங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன பண்ணுவேன்? பேப்பர்ல என்னை ரவுடி மாதிரி எழுதறாங்க!"

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நாளைக்குப் பத்திரிகைகளுக்குப் போக வேண்டியது. கதைக்கும் அடிதடிக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பக்கம். கீழே ஹெப்சிபாவும் கையெழுத்துப் போட்டால் எடுபடும். போடாவிட்டால் கல்லூரியில் இருபத்தைந்து வருடம் அறம் பேசிய மனிதரின் பெயர் நாறிப்போகும்.

ஹெப்சிபா கடிதத்தை வாங்கவில்லை. சுவரில் ஒரு முகமூடியைக் காட்டினார்.

"அது என்ன, சார்?"

"பெரிய காது வெச்ச பூதம். போனை ஒட்டுக் கேட்கறாங்கன்னு எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தப்போ நீங்க எழுதினது."

"பக்கத்துல?"

"வாய் இல்லாதது. பேசினா உள்ளே தள்ளிடுவாங்கன்னு பயந்த காலத்துல."

"உங்க ஏலியன் எப்படி வருவாங்க?"

"லாரியில. ஊருக்கு வெளியே வந்து இறங்குவாங்க. தகரக் கொட்டகையில இருபது இருபது பேராப் படுத்துப்பாங்க. நாம பார்த்தா பேச்சை நிறுத்திடுவாங்க."

"இதையெல்லாம் எங்கே பார்த்தீங்க?"

"எங்க வீட்டுக்கு எதிர்ல கட்டடம் கட்டறாங்க, அங்கே…"

அறவாழி நிறுத்திக்கொண்டார். மறுகணமே கோபம் இன்னும் ஏறியது.

"ஜனங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு பாருங்க, அதுக்கு ஒரு வாலை ஒட்டுங்கன்னு சொல்லிக்குடுத்தது நீங்கதானே?"

"நான்தான். அதனாலதான் எழுதறதை விட்டேன்."

கீழே எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"அடிபட்டவர் பேர் என்ன, சார்?"

கடிதத்தில் 'துணை நடிகர் ஒருவர்' என்று இருந்தது. படப்பிடிப்புத் தாளில் 'ஏலியன் 4' என்று இருந்தது.

"போய்க் கேட்டுட்டு வாங்க. அவர் முதல்ல இதுல கையெழுத்துப் போடட்டும். கீழே நான் போடறேன்."

"இவ்வளவுதானே?"

"கொஞ்சம் தலையைத் திருப்புங்க."

திருப்பினார். காதுக்குக் கீழே சில்லென்று ஏதோ பட்டது. ஹெப்சிபா, முகமூடிகளுக்கு வைத்திருந்த அழியாத நீல மைப்புட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் இது!"

"பத்து நாள்ல போயிடும். பஸ்ல போங்க."

அறவாழி பொருமிக்கொண்டே இறங்கினார். பஸ்ஸில் கண்டக்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஏலியன் சார் வந்துட்டாரு, ஜன்னலோர சீட்டு குடுங்கப்பா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து இடமும் கொடுத்தார். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார்.

ஒருவர்கூட அவரை அடிக்கவில்லை. வார்டை நோக்கி நடக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் நர்ஸ்.

"அந்த… அடிபட்ட வடக்கத்தி ஆளு."

"பேர் இல்லையா அவருக்கு?" நர்ஸ் முறைத்தார். "சோம்ரா ஓராவ். ஏழாவது கட்டில்."

சோம்ராவுக்கு ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அறவாழியை அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தான். அறவாழி கடிதத்தை நீட்டினார். பேனாவையும் நீட்டினார்.

சோம்ரா கடிதத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் கண் அவர் கழுத்திலேயே நின்றது. முகம் வெளிறிப்போயிற்று.

விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். துண்டின் நுனியை நனைத்தான். அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்.

"இது வேணாம், சார். இது வெச்சு வெளிய போகாதே. அடிக்கும்."

தேய்த்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தான். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் கடிதம் நனைந்தது. அறவாழி அதை நகர்த்தவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல், தலையை இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்.

"மை போகலை, சார்," என்றான் சோம்ரா. கட்டிலில் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டான். "நீ இங்கயே உக்காரு. இருட்டினதும் போ."