தவளையின் பாட்டும் நண்டின் கோடும்

அல்லிக் குட்டையில் ஒரு தவளையும் ஒரு நண்டும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தன. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். தவளைக்கு எதையும் காதால் கேட்டால்தான் மண்டையில் ஏறும். நண்டுக்கு மண்ணில் கோடு கிழித்துக் காட்டினால்தான் புரியும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றிச் சேறானது. சேறும் காய ஆரம்பித்தது. நல்ல வேளையாக, பெரிய ஏரிக்குக் குடிபோகிற நீர்க்கோழி ஒன்று அங்கே இறங்கி இளைப்பாறியது.

"அக்கா, ஏரிக்கு வழி சொல்லுங்க! இங்கேயே கிடந்தா கருவாடுதான்!" என்றது தவளை.

"சொல்ல வேண்டாம், வரைஞ்சு காட்டுங்க!" என்றது நண்டு.

நீர்க்கோழிக்கு அவசரம். "பாடிக்கிட்டே வரையறேன். வேணுங்கிறதை எடுத்துக்குங்க," என்று காலால் சேற்றில் கோடு இழுத்தபடி பாடியது:

"கள்ளி வேலி ஓரம் போ, கல்லு மேட்டில் ஏறு,
புற்று வந்தா சோத்தாங்கை, புளிய மரம் சேரு,
மரத்தடியில் மடை இருக்கும், மடைக்குள்ளே இறங்கு,
ஏரித் தண்ணீர் எட்டிப் பார்க்கும், இளைப்பாறி உறங்கு!"

தவளை கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டது. கோட்டைப் பார்த்தால் பாட்டு கலைந்துவிடுமாம்! நண்டோ, "இந்த இரைச்சல் எப்ப ஓயும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டை மட்டும் பார்த்தது.

நீர்க்கோழி பறந்து போனதும் சண்டை மூண்டது.

"கோடு பார்த்துப் படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? காத்தடிச்சா போச்சு!" என்றது தவளை.

"இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறதுக்கு அது எவ்வளவோ மேல்!" என்றது நண்டு.

மறுநாள் விடியலில் நண்டு தனியாகக் கிளம்பிவிட்டது. தவளை ஆற அமரப் பின்னால் கிளம்பி, பாடிக்கொண்டே தாவியது. கள்ளி வேலி வந்தது. கல்லு மேடு வந்தது. புற்றும் வந்தது. புற்றின் வாயில் ஒரு சாரைப்பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது! பாட்டுச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கியது.

தவளை சட்டென்று சருகுக்குள் பதுங்கி வாயை மூடியது. அங்கேதான் வந்தது வினை. பாட்டு நின்ற இடத்தில் வழியும் நின்றுவிட்டது! முதல் அடியிலிருந்து உரக்கப் பாடினால்தான் அதற்கு அடுத்த அடி வரும். பாடினால் பாம்பு வரும். வெயில் ஏற ஏற முதுகு காய்ந்தது. தவளைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சருகு அசைந்தது. பார்த்தால் நண்டு! புளிய மரம் வரை போய்த் திரும்பி வந்திருந்தது.

"மரத்துக்கு அப்புறம் செங்குத்தா கல்லுக் கரை. ஏறி ஏறி விழுந்ததுதான் மிச்சம். எப்படிப் போறதுன்னே தெரியல," என்று கிசுகிசுத்தது நண்டு.

"எனக்குப் பாடினாத்தான் ஞாபகம் வரும். பாடினா உயிர் போயிடும்!"

நண்டு கொஞ்சம் யோசித்தது. "நான் கோடு போடறேன். நீ கண்ணைத் திறந்து பாரு. மனசுக்குள்ளேயே பாடு."

கோடாவது கத்தரிக்காயாவது என்று தவளை எப்போதும் சொல்லும். இப்போது சொல்லவில்லை. நண்டின் கொடுக்கு நகர நகர அதன் கண் பின்னாலேயே போனது. வேலி, மேடு, புற்று... ஒவ்வொரு வளைவுக்கும் பாட்டு சத்தமே இல்லாமல் மனதில் ஓடியது. கோடு புளிய மரத்துக்கு வந்ததும் நண்டு அங்கே ஒரு புள்ளி வைத்தது.

"அது என்ன புள்ளி?"

"யாருக்குத் தெரியும்? அக்கா வச்சாங்க, நானும் வச்சேன்."

தவளை துள்ளாத குறைதான். "மடை! மரத்தடியில மடை இருக்குன்னு பாடினாங்களே! அதுக்குள்ளே இறங்கணும்!"

இரண்டும் சருகோடு சருகாக, பாம்பின் கண்ணில் படாமல் ஊர்ந்து மரத்தடிக்குப் போயின. வேருக்கு நடுவே, புல் மூடிக் கிடந்தது மடை. உள்ளே இறங்கின. அந்தப் பக்கம் குளுகுளுவென்று ஏரி!

நீர்க்கோழி கரையில் நின்றிருந்தது. "அடடே, வந்துட்டீங்களா! வழியைச் சரியாப் படிச்சது யாரு?"

"நண்டுதான், அக்கா. சத்தமில்லாம பாட எனக்குக் கத்துக்கொடுத்துச்சு," என்றது தவளை.

"இல்லக்கா, தவளைதான். என் கோட்டை எனக்கே படிச்சுக் காட்டுச்சு," என்றது நண்டு.

கண்ணால் கற்றாலும் காதால் கற்றாலும் கல்வி ஒன்றே. தன் வழிதான் உசத்தி என்று அடுத்தவர் வழியைப் பழிப்பவர் பாதி வழியில்தான் நிற்பார்.