கப்பலேறி வந்த காய்

இலையில் உருளைக்கிழங்கைப் பார்த்ததும் பண்ணையார் தில்லைநாயகம் செருமினார். “ம்க்கும்... கப்பலேறி வந்த காய்க்கு என் அடுப்படியில் இடமில்லை. சமைத்த உனக்கும் இல்லை. நாளை சம்பந்தி விருந்து முடிந்ததும் கிளம்பு.”

பதினாறு வருஷம் அந்த அடுப்பில் வெந்த பவுனம்மாள் உருளைக்கிழங்குச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு அப்படி ஒரு காயும் வராதுங்க” என்றாள்.

மறுநாள் விருந்தில் சாம்பார் வெளுத்துக் கிடந்தது. ஒரு வாய் வைத்த சம்பந்தி முகத்தைச் சுளித்தார்.

“மிளகாய் எங்கேடி?” என்று சீறினார் பண்ணையார்.

“அதுவும் அதே கப்பல்ல வந்ததுதானுங்க. தக்காளியும்தான். ரெண்டையும் வாசலோட துரத்திட்டேன்.”

சம்பந்திக்குச் சிரிப்பில் புரை ஏறியது.

பண்ணையார் குரலைத் தாழ்த்தினார். “சரி, மிளகாய் மட்டும் உள்ளே வரட்டும்.”

“தனியா வராதாம் ஐயா. உருளைக்கிழங்கையும் என்னையும் கூட்டிட்டுத்தான் வருமாம்.”